உள்ளே வரும் நீர்

காலை ஆறு நாற்பதுக்கு ஏற வேண்டிய கோடு ஏறவில்லை.

டாரல் கிளாஸ்பி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். ஸ்கெல்டன் பே கழிவுநீர் நிலையத்தில் பதினொரு வருடமாக அவன் ஒருவன்தான் ஆபரேட்டர். எண்ணூற்று நாற்பது பேர் இருக்கும் ஊர் தூங்கி எழுவதை அவன் இந்தத் திரையில்தான் பார்ப்பான். ஆறரைக்கு முதல் கழிப்பறைகள். தெருக்களுக்கு அடியில் ஓடிவரப் பத்து நிமிடம். ஆறு நாற்பதுக்கு, இரவெல்லாம் ஊர் அடக்கிவைத்த சிறுநீர் வந்து சேரும். அம்மோனியாக் கோடு முப்பதில் தொடங்கி ஐம்பதைத் தொட்டு எட்டு மணிக்கு இறங்கும்.

அன்று நீரின் அளவு வழக்கம்போல் ஏறியது. அம்மோனியா இருபத்தொன்பதில் படுத்திருந்தது.

நீருக்குள் தொங்கும் அம்மோனியா மீட்டரை வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தான். திருத்தினான். மறுபடி இறக்கினான். இருபத்தொன்பது. கையால் சோதித்தான். சோதனைக் குழாயில் நீரை எடுத்துப் பொடியைக் கொட்டிக் குலுக்கினால் முதலில் மஞ்சள். அம்மோனியா இருந்தால் பச்சையாகும். எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு அழுக்கு. அன்றைய பச்சை வெளிறியிருந்தது.

நகரத்து அலுவலகத்துக்குப் போன் செய்தான். வெண்டி எடுத்தாள். தீவின் வடகரையில் உள்ள பதினான்கு நிலையங்களுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியவள். மழைநீர் புகுந்திருக்கும் என்றாள். பதினொரு நாளாக மழை இல்லை என்றான். அப்படியானால் எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடைக்குள் கசிகிறது என்றாள். கசிந்தால் நீரின் அளவு கூடுமே, அது கூடவில்லையே என்றான். மீட்டரைத் துடைத்துப் பார்த்தீர்களா என்றாள்.

படிவம் அனுப்பச் சொன்னாள். அனுப்பினான்.

அடுத்த வாரம் இருபத்திரண்டு. அதற்கடுத்த வாரம் பதினான்கு.

நீர் மட்டும் நேரம் தவறாமல் வந்தது. காலை ஆறு நாற்பதுக்கு ஏறியது. சனிக்கிழமை கால்பந்து இடைவேளையில், ஊரே ஒன்றாக எழுந்து கழிப்பறைக்குப் போகும் அந்த இருபது நிமிடத்தில், எப்போதும்போல் ஒரு மேடு. இரவு பத்துக்கு ஒரு சின்ன மேடு. ஊர் தன் பழக்கங்களை விடவில்லை. அதில் எதுவும் கலக்கவில்லை, அவ்வளவுதான்.

நிலையத்துக்குள் நீர் நுழையும் முகப்பில் கம்பிச் சல்லடை இருந்தது. ஈரத்துணி, முடிக்கற்றை, காது குடையும் பஞ்சு, மக்காச்சோளத் தோல் எல்லாம் அதில் சிக்கும். அதன் தொட்டியை வாரத்துக்கு இரண்டு முறை கொட்டுவான். இப்போது பதினேழு நாளாகக் கொட்டவில்லை. அடியில் ஒரு யூகலிப்டஸ் இலை மட்டும் காய்ந்து கிடந்தது.

வாசனையும் போய்விட்டது. அதைத்தான் அவன் கடைசியாகக் கவனித்தான். பதினொரு வருடமாக அவன் சட்டையிலும் காது மடலிலும் கார் இருக்கையிலும் ஊறிப்போன, அவனே மறந்துவிட்ட, அழுகிய முட்டையும் ஈரச் சாம்பலும் சேர்ந்த அந்த வாடை, ஒருநாள் காலை கேட்டைத் திறந்தபோது அங்கே இல்லை. கடல் உப்பும் நனைந்த புல்லும்தான் மணத்தன.

பெரிய தொட்டியில் காற்று ஊதிக்கொண்டே இருந்தது. அதில் வாழும் நுண்ணுயிர்களை அவன் பூச்சிகள் என்பான். ஊர் கொடுக்கும் அழுக்கைத் தின்று அவை வளரும். அவை தின்று முடித்த நீர்தான் விரிகுடாவுக்குப் போகும். அங்கே சிப்பிப் பண்ணைகள். பூச்சிகள் இறந்துபோனால், பிறகு ஒருநாள் அழுக்கு திரும்ப வரும்போது தின்ன யாரும் இருக்கமாட்டார்கள். அது அப்படியே சிப்பிகளுக்குப் போகும்.

நுண்ணோக்கியில் பார்த்தான். தண்டில் நின்று வாயைச் சுழற்றும் மணிவடிவப் பூச்சிகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. பட்டினி. செத்தவை தூளாகி வெளியேறும் நீரைக் கலக்கின. உள்ளே வருவதைவிட வெளியே போவது அழுக்காக இருந்தது.

வெல்லப்பாகு அனுப்பச் சொல்லிக் கேட்டான். பட்டினி கிடக்கும் தொட்டிக்கு அதுதான் தீனி.

"டாரல், உள்ள வர்ற தண்ணி ரொம்ப சுத்தமா இருக்குன்னு புகார் பண்ற முதல் ஆள் நீங்கதான்," என்றாள் வெண்டி.

"வெண்டி, இது சாக்கடை. சுத்தமா வரக்கூடாது."

"உங்க வெளியேறும் தண்ணி அளவுக்குள்ளதானே இருக்கு? அப்புறம் நான் மேல என்னன்னு எழுதறது?"

அவன் போனை வைத்துவிட்டு மேசையை ஒருமுறை குத்தினான். கை வலித்தது.

அன்று ஒரு யோசனை வந்தது. உள்ளே வரும் நீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்த்தான். குடிநீரில் போடும் குளோரின் ஒரு தட்டைக் கழுவினால், ஒரு கையைக் கழுவினால், அழுக்கைத் தொட்ட அந்தக் கணமே செலவாகிவிடும். சாக்கடையில் அது எப்போதும் பூஜ்யம். சோதனை மாத்திரையைப் போட்டதும் குழாய் இளஞ்சிவப்பானது; குளோரின் இருந்தது. அழகான நிறம். அவன் அதை வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றான்.

இந்த நீர் எதையும் தொடவில்லை. குழாயைத் திறந்திருக்கிறார்கள். மூடியிருக்கிறார்கள்.

*

ஊரின் சாக்கடை நான்கு கிளை. துறைமுகத் தெரு, குன்றுத் தெரு, பள்ளித் தெரு, பேங்க்ஸியா தெரு. அழுக்கு எங்கே என்று தெரியாவிட்டால் கீழிருந்து மேலாக மேன்ஹோல் மேன்ஹோலாகத் திறந்து தேடிப் போவது தொழில் முறை. இந்த முறை அவன் அழுக்கு எங்கே இன்னும் இருக்கிறது என்று தேடினான்.

மெர்வ் உடன் வந்தார். கழிவு உறிஞ்சும் லாரி ஓட்டுபவர், அறுபத்திரண்டு வயது. மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கினார். துறைமுகத் தெரு தெளிவாக ஓடியது. அடியில் செங்கல் இணைப்புகள் தெரிந்தன.

"ஊருக்கே மலச்சிக்கல், தம்பி," என்றார் மெர்வ். "பப்புல கறி வச்ச பேஸ்ட்ரி விக்கிறானே, அவனைப் பிடிச்சு உள்ள போடணும்."

டாரல் சிரித்தான். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

குன்றுத் தெருவும் தெளிவு. மெர்வின் வீடு அங்கேதான். பள்ளித் தெருவில் மட்டும் லேசான பச்சை. மதிய உணவுக்கு நிலையத்துக்குத் திரும்பியபோது மெர்வ் கழிப்பறைக்குப் போனார். அவர் போய்வந்தால் பத்து நிமிடத்துக்கு யாரும் உள்ளே நுழைய முடியாது. அதை ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். ஃப்ளஷ் ஓடியது. கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"பத்து நிமிஷம் உள்ள போயிடாத, தம்பி."

லாரி கேட்டைத் தாண்டியதும் டாரல் உள்ளே போனான். குளிர்ந்த டைல்ஸின் வாடை. சோப்பின் வாடை. வேறு ஒன்றுமில்லை. இருக்கையைத் தொட்டான். அரை மணி நேரம் யாரும் உட்காராத பிளாஸ்டிக்கின் சில்லிப்பு.

துணி எடுத்துக் கையைத் துடைத்தான். ஏன் துடைத்தோம் என்று தெரியவில்லை.

*

அதற்குப் பிறகு ஊரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பெண்கள் தள்ளுவண்டி நிறையக் கழிப்பறைக் காகிதம் வாங்கினார்கள். பப்பில் ஆண்கள் பியர் குடித்தார்கள். நடுவில் எழுந்து போனார்கள். ஜிப்பைச் சரிசெய்தபடி திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். எல்லோரும் அவனிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டுவிட்டு மூக்கைப் பிடித்துச் சிரிப்பார்கள். இப்போது கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

தென்கோளத்துக் குளிர்காலத்தின் நடுவில், ஆகஸ்டு முதல் வாரம், பள்ளித் தெருவும் தெளிந்தது.

மிச்சம் பேங்க்ஸியா தெரு. முப்பத்தொரு வீடு. பத்தொன்பதாம் எண் அவனுடையது. உள்ளே நெரிடா, அவன் மனைவி. டெஸ், அவன் மகள், ஏழு வயது.

அந்த மேன்ஹோலைத் திறக்க அவன் மூன்று நாள் தள்ளிப்போட்டான். நான்காம் நாள் காலை ஆறரைக்கு, வேலைக்குப் போகும் வழியில், தெருமுனையில் காரை நிறுத்தி மூடியைத் தூக்கினான். கோப்பையைக் கழியில் கட்டி இறக்கினான். பொடியைக் கொட்டினான். காரின் முன்விளக்கில் குழாயைப் பிடித்தான்.

பச்சை.

மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நனைந்த தார்ச்சாலை கால்சட்டையில் ஊறியது. அவன் தெரு உயிரோடு இருந்தது. வெளிறிய பச்சைதான், ஆனால் பச்சை. அந்த வாரம் முழுக்க நீர் வழியும் அந்தக் குழிக்குள் அளவைப் பதிவுசெய்யும் ஒரு கையடக்க மீட்டரைத் தொங்கவிட்டான், யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

யாரும் கேட்கவில்லை. வெண்டி ஒரு ஒப்பந்தக்காரனை அனுப்பி நிலையத்தின் பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டச் செய்தாள். புதியது பூஜ்யம் புள்ளி மூன்று காட்டியது. அதையும் அவள் மீட்டர் கோளாறு என்றே எழுதிக்கொண்டாள். கோளாறு முடித்துவைக்கப்பட்டது என்று கடிதம் வந்தது.

அவன் போனில் கத்தினான். தொட்டி செத்துவிட்டது, வாசனை இல்லை, சல்லடையில் ஒரு முடிகூட இல்லை, எண்ணூறு பேர் இருக்கும் ஊரில் ஒருவரும் சிறுநீர் கழிக்கவில்லை என்றான். சொல்லி முடித்ததும் அது எப்படி ஒலிக்கிறது என்று அவனுக்கே உறைத்தது. மறுமுனையில் வெண்டி, கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தீர்கள் என்று மிக அன்பாகக் கேட்டாள்.

வீட்டில் நெரிடாவிடம் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சாக்கடை நாறவில்லை என்று அழுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அவன் தலையைத் தடவினாள். கை சில்லென்றிருந்தது. குளிர்காலம். எல்லோர் கையும் சில்லென்றுதான் இருக்கும்.

*

வெள்ளிக்கிழமை மாலை மீட்டரை எடுத்துவந்து அதன் பதிவைத் திரையில் விரித்தான். ஏழு நாள், ஏழு இரவு.

முப்பத்தொரு வீடுகளின் பதிவு மலைத்தொடர்போல இருக்கும். ஒருவர் எழுவார், ஒருவர் குளிப்பார், கிழவர்கள் இரவில் மூன்று முறை போவார்கள். இங்கே கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. தினமும் இரண்டே இரண்டு முட்கள். காலை ஆறு இருபது. இரவு பத்தரை.

காலை ஆறு ஐந்துக்கு அவன் எழுவான். பத்தேகாலுக்குப் படுக்கப் போவான். வீட்டிலிருந்து தெருமுனைக்கு நீர் வரப் பதினைந்து நிமிடம்.

இல்லை என்று வாய்விட்டுச் சொன்னான். தொட்டிக்குக் காற்று அனுப்பும் ஊதிகள் இரைந்தன.

வியாழன் இரவும் வெள்ளி காலையும் முள் இல்லை. வியாழன் ஒரு ஊதி பழுதாகி அவன் நிலையத்திலேயே தூங்கினான்.

சனிக்கிழமை இரவு ஐந்து முட்கள். சனிக்கிழமை அவன் ஆறு பியர் குடித்திருந்தான்.

திரையை அணைத்தான். இருட்டில் தன் முகம் தெரிந்தது. மறுபடி போட்டான்.

ஆனாலும் கணக்கில் ஓட்டை இருந்தது. முப்பத்தொரு வீட்டு நீரில் ஒரு சிறுமியின் சிறுநீர் கரைந்து கண்ணில் படாமல் போகலாம். ஒரு பெண்ணுடையதும் போகலாம். போகாது என்று அவனுக்குத் தெரியும். போகலாம் என்று சொல்லிக்கொண்டான். வீட்டிலிருந்து வரும் குழாயையே பார்க்க வேண்டும். தெருவோடு கலப்பதற்கு முன்னால். தான் எதையும் கலக்காமல்.

அன்று இரவிலிருந்து வீட்டுக் கழிப்பறையை அவன் தொடவில்லை. நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்வந்தான். நெரிடா எங்கே என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழி, பூசணி, உருளைக்கிழங்கு. டெஸ் இரண்டு குவளை ஆரஞ்சுச் சாறு குடித்தாள். நெரிடா மூன்று கோப்பை தேநீர். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். டெஸ் எலும்பைச் சுத்தமாகச் சப்பித் தட்டில் வரிசையாக அடுக்கினாள். அப்பா, நீங்க சாப்பிடலையா என்றாள். சாப்பிட்டான்.

மாலை ஐந்தேகால். தோட்டத்தில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி, குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழே, தரையில் கையகல மூடி ஒன்று. வீட்டுக் குழாய் தெருவை நோக்கித் திரும்பும் இடம். செடிகளுக்கு உரம் போடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். மண்டியிட்டுத் திருகினான். மூடி எளிதாக வந்தது.

முகத்தை அருகில் கொண்டுபோனான். ஏழு வருடமாக மூன்று பேர் வாழும் வீட்டின் குழாய். மழை பெய்த கல்லின் வாடை.

உள்ளே விளக்கு எரிந்தது. சொரசொரப்பான கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் வந்தது. ஃப்ளஷ் ஓடும் இரைச்சல் முதலில் சுவரில் கேட்டது, பிறகு மண்ணுக்குள் இறங்கியது, பிறகு அவன் முழங்காலுக்குக் கீழே உருண்டு வந்து குழாயின் வாயில் வெளிச்சம்போலப் பாய்ந்தது. கோப்பையை நீட்டினான். பிடித்தான். பொடி பாதி புல்லில் கொட்டியது. மிச்சத்தைப் போட்டுக் குலுக்கினான்.

மஞ்சள்.

ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அதுதான் விதி. அவசரப்பட்டால் தப்பாகக் காட்டும். ஒரு சொட்டுப் பச்சை போதும். அவன் கேட்டது அவ்வளவுதான். குழாயை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினான். டெஸ் பிறந்த அன்று ஈரத்துணியோடு அவளைக் கையில் கொடுத்தார்கள், அவன் சட்டையில் நனைத்துவிட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். அந்த வெதுவெதுப்பை நினைத்துக்கொண்டான்.

ஐந்து நிமிடம்.

கையைத் திறந்தான். மஞ்சள்.

அடுத்த சோதனைக் குழாய். மாத்திரை. இளஞ்சிவப்பு.

ஃப்ளஷ் மறுபடி ஓடியது.

தலையை நிமிர்த்தினான். கண்ணாடிக்குப் பின்னால் நிழல் உட்காரவில்லை. குனியவில்லை. நின்றது. ஒரு கை உயர்ந்தது. பொத்தானை அழுத்தியது. இறங்கியது. தொட்டி நிரம்பும்வரை நின்றது. கை உயர்ந்தது.

பக்கத்தில் ஒரு சின்ன நிழல். கைகழுவும் குழாயைத் திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது.

கோப்பை நிரம்பி வழிந்தது. அவன் விலகவில்லை. சட்டைக் கை நனைந்தது. நல்ல தண்ணீர். குடிக்கலாம்.

எழுந்தான். வேலியைப் பிடித்தான். வேலிக்கு அப்பால் பதினேழாம் எண். அங்கேயும் குளியலறை விளக்கு. கண்ணாடி. நிழல். நின்றது. கை உயர்ந்தது. அதற்கப்பால் பதினைந்து. பதின்மூன்று. தெரு நெடுக, குன்றின் சரிவு நெடுக, சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர். நின்றபடி. கை உயர்ந்தது. இறங்கியது.

மண்ணுக்கடியில் நீர் ஓடியது. எல்லாப் பக்கமிருந்தும்.

ஜன்னல் நகர்ந்தது. ஒரு சாண். வெளிச்சம் அவன் கையிலிருந்த சோதனைக் குழாயில் விழுந்தது. நெரிடாவின் முகம் தெரியவில்லை; அவள் விளக்குக்கு முன்னால் நின்றாள். அவள் குரல் எப்போதும்போல இருந்தது. இரவு சாப்பாட்டுக்கு இன்னொரு கரண்டி வேண்டுமா என்று கேட்கும் குரல்.

"போதுமா, டாரல்? இல்ல இன்னும் கொஞ்சம் விடட்டுமா?"